10 இன்ச் ரிங் லைட் செட்: வெளிச்சம் ஓகே, லுக் எங்கே?

ஆன்லைனில் 1,000–1,500 ரூபாய்க்குள் கிடைக்கிற செட் இது. 10 இன்ச் ரிங் லைட், 7 அடி வரை நீளும் ஸ்டாண்டு, வளையத்தின் நடுவே போன் ஹோல்டர், கூடவே ஒரு புளூடூத் ரிமோட். பிராண்டு பெயர்தான் ஆளுக்கொன்று. பெட்டிக்குள் இருப்பது ஏறக்குறைய ஒரே சரக்கு. ஆடிஷன் வீடியோவை வீட்டிலேயே எடுத்து அனுப்பச் சொல்வதால், நடிப்பு வாய்ப்புத் தேடுகிறவர்கள் முதலில் வாங்குவதும் இதைத்தான்.

வெளிச்சத்தைக் குறை சொல்ல முடியாது. மஞ்சள், வெள்ளை, இரண்டும் கலந்தது என மூன்று நிறம். அறையில் டியூப்லைட் எரிந்தால் வெள்ளையை வையுங்கள். மஞ்சள் வைத்தால் முகத்தின் இரு பக்கமும் இரு நிறமாகத் தெரியும். பிரைட்னஸை ரொம்பக் குறைத்தால் சில செட்களில் வீடியோவில் கோடு ஓடும். முழு வெளிச்சத்தில் வைத்து லைட்டைத் தள்ளி நிறுத்துவதே மேல்.

சிக்கல் அந்த நடு ஹோல்டர்தான். யூடியூபில் பேசுகிறவர்களுக்காகச் செய்த அமைப்பு அது. அவர்கள் லென்ஸைப் பார்த்தாக வேண்டும். ஆடிஷனில் லென்ஸைப் பார்ப்பது பெயர், வயது, உயரம், தெரிந்த மொழிகள் சொல்லும் அறிமுகத்தோடு சரி. மோனோலாக் (ஒருவரே பேசி நடிக்கும் வசனம்) ஆரம்பித்ததும் லுக், அதாவது கண் பார்க்கும் திசை, லென்ஸை விட்டு நகர வேண்டும். லென்ஸையே பார்த்து “ஏன்டா என்னை விட்டுட்டுப் போன?” என்று கேட்டால், வீடியோ பார்க்கிற உதவி இயக்குநர் பதில் சொல்ல வேண்டிய ஆளாகிவிடுவார், நடிப்பை எங்கே எடைபோடுவது? (கேமராவைப் பார்த்தே பேசச் சொல்லிக் கேட்டிருந்தால் அது வேறு கதை.)

எவ்வளவு நகர வேண்டும்? போன் 5 அடி தள்ளி, உங்கள் கண் உயரத்தில் இருந்தால், லென்ஸுக்குப் பக்கத்தில் 4–5 அங்குலம். இரண்டு கண்ணும் தெரியும், யாரிடமோ பேசுவதும் புரியும். 2 அங்குலத்தில் வைத்தால் லென்ஸைப் பார்க்க முயன்று தவறவிட்டது போலிருக்கும். ஒன்றரை அடி போனால் முகம் பக்கவாட்டுக்குத் திரும்பத் தொடங்கி, தூரத்துக் கண்ணின் உணர்ச்சி பாதி போய்விடும்.

அப்படியானால் வளையத்தின் விளிம்பிலேயே ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிவிடலாமே என்று தோன்றும். சரிப்படாது. எரியும் எல்இடியை ஒரு நிமிடம் பார்த்தால் கண் சுருங்கும், நீர் கோக்கும். அழுகைக் காட்சி இல்லாத மோனோலாக்கில் அது வேண்டாத வேலை. போனைப் படுக்கவைத்தால் இன்னொரு கோளாறு. லென்ஸ் போனின் ஓரத்தில் இருப்பதால் வளையத்தின் மையத்திலிருந்து இரண்டு அங்குலத்துக்கு மேல் விலகிவிடும். ஒரு பக்க விளிம்பு லென்ஸுக்கு 3 அங்குலத்துக்குள், மறு பக்கம் 7 அங்குலத்துக்கு மேல். அளவை எப்போதும் லென்ஸிலிருந்து எடுங்கள், வளையத்திலிருந்து அல்ல.

ஆகவே போனை வளையத்திலிருந்து கழற்றி வேறு ஸ்டாண்டிலோ, அலமாரித் தட்டிலோ வையுங்கள். ரிங் லைட்டைப் போனுக்கு ஒரு பக்கமாக, தலைக்குச் சற்று மேலே நிறுத்தி, லுக்கையும் அதே பக்கம் கொடுங்கள். முகத்தில் வெளிச்சம் விழும், கருவிழியில் அந்த வட்டம் நடுவில் உட்காராது. கண்ணாடி போடுகிறவர்களுக்கு இது கட்டாயம். எதிரே வசனம் கொடுக்க ஆள் இருந்தால் அவர் கண் லென்ஸ் உயரத்தில் இருக்கட்டும். ஆள் இல்லாமல் போனுக்குப் பின்னால் உள்ள சுவரில் பொட்டு ஒட்டினால் தூரத்தைக் கணக்கில் எடுங்கள்: சுவர் 10 அடியில் இருந்தால் 5 அங்குலம் 10 ஆகிவிடும். இரண்டு பேரிடம் பேசும் வசனமென்றால் லென்ஸுக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர்.

செல்ஃபி கேமரா வேண்டாம். திரையில் தன் முகம் தெரிந்தால் கண் தானாக அங்கே ஓடும். பின் கேமராவில் எடுங்கள். முகத்தின் மேல் அழுத்திப் பிடித்து ஃபோகஸை லாக் செய்யுங்கள்.

ஸ்டாண்டு மெலிசு, தலை கனம். காலை முழுதாக விரித்து, நடுத்தண்டில் ஒரு பையை மாட்டுங்கள். ஃபேன் சத்தத்துக்காக மட்டுமல்ல, காற்றில் லைட் ஆடுவதற்காகவும் ஃபேனை நிறுத்தத்தான் வேண்டும். ஏற்கெனவே போன் ஸ்டாண்டு இருந்தால் தாராளமாக வாங்கலாம். இல்லையென்றால் இன்னொரு ஸ்டாண்டின் விலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரிமோட் நன்றாகவே வேலை செய்கிறது, ஆனால் அமுக்கியதும் கண் போனுக்குத் தாவும். இரண்டு விநாடி விட்டு லுக்கைப் பிடித்த பிறகு பேசுங்கள், முன்பகுதியை வெட்டிவிட்டு அனுப்புங்கள்.