துணி துவைக்கும் ஜெர்மன்: இரண்டரை வருட அனுபவம்

பி1 என்கிற இடைநிலை ஜெர்மன் மொழித் தேர்வில் தேறிய பிறகுதான் ஜெர்மனிக்கு நர்ஸ் வேலைக்கு வந்தேன். இரத்த அழுத்தம், காயக்கட்டு, படுக்கைப்புண் எல்லாவற்றுக்கும் ஜெர்மனில் சொல் தெரியும். ஆனால் வூர்ட்ஸ்புர்கில் நான் குடிவந்த கட்டடத்தின் அடித்தளத்தில், வஷ்க்யூஹெ என்கிற பொது துவைப்பறையில், மெஷின் முன்னால் நின்றபோது அதன் திருகில் இருந்த சொற்களில் 'வொலெ', அதாவது கம்பளி, ஒன்றுதான் புரிந்தது.

அன்றிரவே ஆங்கி என்கிற, அட்டை வைத்துச் சொல் படிக்கும் செயலியில் நாற்பது சொற்களுக்கு அட்டை போட்டேன். மூன்று மாதம் தவறாமல் பார்த்தேன். அந்தச் செயலியைக் குறை சொல்ல மாட்டேன், பெயர்ச்சொல்லின் ஆண்பால், பெண்பால், அஃறிணைப்பாலைக் காட்ட முன்னால் வரும் டேர், டீ, டாஸ் மனதில் பதிந்தது அதனால்தான். இருந்தாலும் அட்டையில் தெரிந்த சொல் மெஷின் முன்னால் வாயில் வரவில்லை. அதற்குப் பிறகு பிடித்த வழியில்தான் இரண்டரை வருடமாகப் போய்க்கொண்டிருக்கிறேன்: சொல்லைத் துண்டுக் காகிதத்தில் எழுதி அந்தந்தப் பொருளிலேயே ஒட்டுவது, கை வேலை செய்யும்போது வாயால் முழு வாக்கியமாகச் சொல்வது. டேர் சொற்களுக்கு நீலம், டீக்குச் சிவப்பு, டாஸுக்குப் பச்சை மை. துணிக்கூடையில் 'வெஷெகொர்ப்' நீலத்தில், கிளிப்பில் 'வெஷெக்லம்மெர்' சிவப்பில், சோப்புத்தூள் டப்பாவில் 'வஷ்மிட்டெல்' பச்சையில். ஒட்டிய பிறகுதான் ஒன்று கண்ணில் பட்டது. கூட்டுச்சொல்லின் பால் கடைசிச் சொல்லோடு போகிறது. வெஷெ, அதாவது துவைக்கும் துணி, டீயாக இருந்தாலும் கொர்ப், அதாவது கூடை, டேர் என்பதால் துணிக்கூடையும் டேர். இலக்கண வகுப்பிலும் இதைச் சொல்லித்தந்தார்கள். கூடையைத் தூக்கும்போதுதான் மனதில் நின்றது.

வினைச்சொற்களில் நம் தமிழ் எனக்குப் பெரிய துணை. துவைத்து, அலசி, பிழிந்து, காயப்போட்டு, மடித்து வைப்பது நமக்கு ஒரே மூச்சில் வரும் வரிசை. அதே வரிசையில் வஷென், ஷ்ப்யூலென், ஷ்லொய்டெர்ன், அவுஃப்ஹெங்கென், ட்ஸுஸம்மென்லேகென் என்று கட்டிக்கொண்டேன். மெஷினும் அதே வரிசையில்தான் ஓடுகிறது என்பதால் சத்தத்தை வைத்தே சொல் நினைவுக்கு வரும். ஆனால் எல்லை ஒன்றாக இல்லை. நாம் துணியைத் துவைப்போம், கையைக் கழுவுவோம். அவர்களுக்கு இரண்டுமே வஷென். துணியை அலசுவதற்கும், பாத்திரம் கழுவுவதற்கும், கழிப்பறையில் தண்ணீர் விடுவதற்கும் ஷ்ப்யூலென். ஷ்லொய்டெர்ன் என்றால் மெஷின் சுற்றிப் பிழிவது. ஈரச் சாலையில் கார் வழுக்கிச் சுழல்வதற்கும் அதே சொல்தான்.

பிரியும் வினைகளுக்கு இந்த வழியைவிட நல்லது நான் பார்க்கவில்லை. 'இஹ் ஹெங்கெ டீ வெஷெ அவுஃப்'. துணியைக் காயப்போடுகிறேன். வினையின் முன்துண்டு கழன்று வாக்கியத்தின் கடைசிக்குப் போய்விடும். நான் துணியைக் கொடியில் போட்டுவிட்டு, கிளிப்பை அழுத்தும் நொடியில் மட்டும் 'அவுஃப்' சொல்வேன். இப்போது ஆஸ்பத்திரியில் வேறு பிரியும் வினை பேசும்போதும் கடைசித் துண்டை விடுவதில்லை.

திருகில் இருந்த 'ஃப்லேகெலைஹ்ட்' எனக்கு மிகப் பிடித்த சொல். லைஹ்ட் என்றால் எளிது. ஃப்லேகெ என் தொழிலின் பெயரேதான், நோயாளியைப் பராமரிப்பது. பராமரிக்க எளிதான துணி, அதாவது செயற்கை இழையும் கலப்புத் துணியும். தொந்தரவு இல்லாத ஆளையும் இதே சொல்லால் சொல்கிறார்கள் என்று வார்டில்தான் கேட்டேன். 95 டிகிரியில் ஓடும் 'கொஹ்வெஷெ'வை அகராதி இல்லாமலே பிடித்துக்கொண்டேன். கொஹென் சமைப்பது, கொதிப்பது. எனக்கு உடனே வெள்ளாவிதான் நினைவுக்கு வந்தது.

தொழில் குறுக்கே நின்ற இடமும் உண்டு. முதல் குளிர்காலத்தில் என் கம்பளி ஸ்வெட்டரை 60 டிகிரியில் போட்டுவிட்டேன். அதைப் பார்த்த பக்கத்துவீட்டு அம்மா, 'டேர் இஸ்ட் ஐன்கெலவுஃபென்' என்றார். எனக்கு 'ஐன்லவுஃப்' என்றால் எனிமா. வார்டில் தினம் புழங்கும் சொல். ஸ்வெட்டருக்கும் அதற்கும் என்ன உறவு என்று விழித்தேன். துணி சுருங்குவதற்கும் ஐன்லவுஃபென் என்றுதான் சொல்வார்களாம். அந்த ஒரு வாக்கியத்துக்கு அட்டை தேவைப்படவே இல்லை.

இன்னொன்று ஜீன்ஸின் உள்பட்டியில் இருந்த 'அவுஃப் லிங்க்ஸ் வஷென்'. லிங்க்ஸ் என்றால் இடது என்று முதல் வாரமே படித்தது. இடப்பக்கம் வைத்துத் துவைப்பதா என்று குழம்பினேன். துணியின் உள்பக்கத்தை அவர்கள் இடப்பக்கம் என்கிறார்கள். அதனால் உள்ளே வெளியே புரட்டித் துவைக்கச் சொல்கிறது.

சோப்புத்தூள் பெட்டியை முழுதாக வாசிக்க ஒரு வருடம் ஆனது. ஃபொல்வஷ்மிட்டெல் வெள்ளைத் துணிக்கு, கோலொர்வஷ்மிட்டெல் நிறத்துணிக்கு, ஃபைன்வஷ்மிட்டெல் மென்துணிக்கு. அளவுப் பட்டியலில் வைஹ், மிட்டெல், ஹார்ட், அதாவது மென்மை, நடுத்தரம், கடினம் என்று மூன்று வகை. அது துணியைப் பற்றியது இல்லை, தண்ணீரைப் பற்றியது. தண்ணீரின் கடினத்தை அளக்கும் ஜெர்மன் அளவையில் 14 டிகிரிக்கு மேல் போனால் ஹார்ட். ஊரில் சோப்பு நுரைக்காத கிணற்றை உப்புத்தண்ணிக் கிணறு என்போமே, அந்த வகை. வூர்ட்ஸ்புர்க் தண்ணீர் நல்ல கடினம். இந்த ஒரு சொல் தெரியாமல் மாதக்கணக்கில் தூளைக் குறைவாகப் போட்டுக்கொண்டிருந்தேன்.

இந்த வழியில் வராதது பேச்சு. காகிதம் பதில் சொல்லாது. 'இஸ்ட் டீ மஷீனெ ஃப்ரை?', மெஷின் காலியா, என்று கேட்க நான் பழகியிருந்தேன். 'இன்னும் இருபது நிமிடம், அப்புறம் வடிகட்டியைச் சுத்தம் செய்துவிடுங்கள்' என்று வேகமாக வந்த பதிலுக்கு என்னிடம் ஒன்றும் இல்லை. அதற்காகவே துவைக்கும் நேரத்தைச் சனிக்கிழமை காலைக்கு மாற்றினேன். அப்போதுதான் பக்கத்துவீட்டு அம்மாவும் கூடையோடு இறங்கி வருவார்.

பழைய காகிதங்கள் பாதிக்கு மேல் உரிந்துவிட்டன, மறுபடி ஒட்டவில்லை. போன வாரம் துணி உலர்த்தும் மெஷினில் இரண்டு புதிதாக ஒட்டியிருக்கிறேன்: 'ஷ்ரங்க்ட்ரொக்கென்', அலமாரியில் மடித்து வைக்கும் அளவுக்கு உலர்ந்தது; 'ப்யூகெல்ஃபொய்ஹ்ட்', இஸ்திரி போட வாகான ஈரத்தில் இருப்பது. இரண்டாவதைத்தான் இன்னும் வாய் தடுமாறாமல் சொல்ல வரவில்லை.