திரையில் தெரிந்த 238 கிலோமீட்டரை நம்பிப் பழைய மின்சாரக் கார் வாங்கினேன்

பழைய மின்சாரக் கார் வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்கள் நான் ஏமாந்த விதத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன். கடந்த மார்ச் மாதம், சென்னையில் பழைய கார்களை வாங்கி விற்கும் ஒருவரிடம், ஐந்து ஆண்டுகள் ஓடிய, 30 யூனிட் கொள்ளளவுள்ள பேட்டரி கொண்ட கார் ஒன்றை வாங்கினேன். நான் பார்க்கப் போனபோது வண்டி முழுச் சார்ஜுடன் நின்றது. ஓட்டுநர் முன்னுள்ள திரை 238 கி.மீ. ஓடும் என்றது. "பேட்டரி புதுசு மாதிரி இருக்கு சார், நீங்களே பாருங்க" என்று அந்த எண்ணைத் தட்டிக் காட்டியவர், பேட்டரியின் நலம், அதாவது புதிதில் இருந்த கொள்ளளவில் இப்போது எஞ்சியிருக்கும் பங்கு, 97 விழுக்காடு என்று அச்சிட்ட தாள் ஒன்றையும் கொடுத்தார். அந்தத் தாளை அச்சிட்டதே அவருடைய கடைதான் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

திரையில் தெரியும் அந்த எண் பேட்டரியை அளந்து சொல்லும் எண் அன்று. வண்டி அண்மையில் ஒரு கிலோமீட்டருக்கு எவ்வளவு மின்சாரம் செலவழித்தது என்பதை வைத்து, மீதமுள்ள சார்ஜ் எவ்வளவு தூரம் தாங்கும் என்று போடும் மதிப்பீடு மட்டுமே. ஆகவே ஏ.சி.யை அணைத்துவிட்டு, ஒருவர் மட்டும் அமர்ந்து, ஊருக்குள் 30, 40 கி.மீ. வேகத்தில் சில நாள் ஓட்டினால் அது தானாகவே உயரும். பெட்ரோல் கார் நெடுஞ்சாலையில்தான் நல்ல மைலேஜ் தரும் என்று பழகிய நமக்கு, மின்சாரக் காரில் கதை தலைகீழ் என்பது எளிதில் மனத்தில் பதிவதில்லை. ஊருக்குள் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் மோட்டார் கொஞ்சம் மின்சாரத்தைப் பேட்டரிக்குத் திருப்பித் தருகிறது. நெடுஞ்சாலையிலோ வேகம் இரு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகிறது. நான் ஓட்டிப் பார்த்த அன்றும், "சாயங்காலக் காத்து நல்லா இருக்கே சார், ஏ.சி. எதுக்கு?" என்றுதான் அவர் சொன்னார். டயர்களில் காற்றும் கதவுச் சட்டத்திலுள்ள ஒட்டுத்தாள் சொல்லும் அளவைவிட மிக அதிகமாக அடைக்கப்பட்டிருந்தது. அதுவும் வண்டி இலகுவாக உருள்வதற்கான ஏற்பாடுதான்.

ஏப்ரலில் குடும்பத்தோடு நால்வராகத் தாம்பரத்திலிருந்து திருச்சிக்குக் கிளம்பினோம். உளுந்தூர்பேட்டையில் ஒரு முறை சார்ஜ் போட்டால் போதும் என்பது என் கணக்கு. ஏ.சி. ஓட, 95, 100 கி.மீ. வேகத்தில் சென்று மேல்மருவத்தூரை நெருங்கியபோது, ஏறத்தாழ 65 கி.மீ. மட்டுமே கடந்திருந்த நிலையில், பேட்டரியில் 53 விழுக்காடுதான் மீதமிருந்தது. அதன்பின் இடது ஓரமாக 65 கி.மீ. வேகத்தில், ஏ.சி.யை 27-இல் வைத்து, லாரிகளின் பின்னாலேயே போனோம். விழுப்புரத்துக்கு அருகிலுள்ள சார்ஜிங் நிலையத்தை அடைந்தபோது 18 விழுக்காடு இருந்தது. ஏறக்குறைய அதே தூரத்துக்கு முதலில் 47 விழுக்காடும் பிறகு 35 விழுக்காடும் செலவாகியிருந்தன. ரேஞ்சை, அதாவது ஒரு முழுச் சார்ஜில் ஓடும் தூரத்தைக் கூட்ட என்ன வழி என்று கேட்பவர்களுக்கு என்னிடம் இதைவிடத் தெளிவான விடை இல்லை.

ஆனால் குட்டு உடைந்தது அங்கே கொடுத்த ரசீதில்தான். 18-இலிருந்து 90 விழுக்காடு வரை, அதாவது 72 விழுக்காடு ஏற்றுவதற்கு 18 யூனிட்தான் ஆகியிருந்தது. அந்த விகிதத்தில், 30 யூனிட் பிடிக்க வேண்டிய முழுப் பேட்டரிக்கும் 25 யூனிட்தான். அதிலும் சார்ஜ் ஏறும்போது வீணாகும் பங்கு அடக்கம். பிறகு அங்கீகாரம் பெற்ற சேவை மையத்தில் கணினியை இணைத்துப் பார்த்தபோது பேட்டரியின் நலம் 81 விழுக்காடு என்று வந்தது. 70 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால்தான் உத்தரவாதம் பேசும் என்பதால் அந்தக் கதவும் அடைபட்டது.

விற்றவரைத் தொலைபேசியில் அழைத்தபோது, "ரேஞ்ச் எல்லாம் நீங்க ஓட்டுற விதத்துல இருக்கு சார்" என்றார். பாதி உண்மை என்பதுதான் அந்தப் பதிலின் சாமர்த்தியம். வேகத்தால் இழந்த தூரத்தை நான் கால் அழுத்தத்தைக் குறைத்து மீட்டுக்கொள்ளலாம். பேட்டரி இழந்துவிட்ட ஐந்தாறு யூனிட்டை எப்படி ஓட்டினாலும் மீட்க முடியாது. 97 என்று அச்சிட்ட தாளைப் பற்றிக் கேட்டதும், வண்டி "உள்ளது உள்ளபடி" விற்கப்பட்டது என்று விற்பனைப் பத்திரத்தில் இருப்பதை நினைவூட்டிவிட்டு இணைப்பைத் துண்டித்தார். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். தாள், ரசீது, சேவை மைய அறிக்கை மூன்றும் கையில் உள்ளன.

நீங்கள் வாங்கப் போனால், முன்பணம் கொடுக்கும் முன்பே சேவை மையத்தின் பேட்டரி அறிக்கையை உங்கள் செலவிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு விற்பவர் இணங்காவிட்டால் அந்த வண்டியை விட்டுவிடலாம். இணங்கினால், டயர் காற்றைச் சரியான அளவுக்குக் கொண்டுவந்து, ஏ.சி.யைப் போட்டு, சென்னை-திருச்சி நெடுஞ்சாலையான ஜி.எஸ்.டி. சாலை போன்ற ஒன்றில் 80 கி.மீ. வேகத்தில் 30 கி.மீ. ஓட்டி, எத்தனை விழுக்காடு இறங்கியது என்று குறித்துக்கொள்ளுங்கள். இன்னும் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று திரை காட்டும் எண்ணைப் பார்க்கவே வேண்டாம்.