உறைமண்ணின் காந்தம்: வளையமா, குப்பியா?

மண்ணோ தூசியோ காந்தத்துக்கு எவ்வளவு இணங்குகிறது என்பதுதான் காந்த ஏற்புத்திறன். அதை நிலத்தில் வளைய உணரியை வைத்தும் அளக்கலாம், மண்ணை எடுத்துக் குப்பியில் அடைத்தும் அளக்கலாம். வெள்ளவத்தையில் காலி வீதியோரத் தூசியை அளக்கிற மாணவருக்கு வளைய உணரி தாராளமாகப் போதும். பிரேக்கும் எஞ்சினும் துருவும் உதிர்க்கிற இரும்புத் துகள் மேலேயே கிடக்கும். வளையத்தை நிலத்தில் வைத்தால் சில செக்கனில் எண் வந்துவிடும். அதே கருவியை நம்பி, உறைமண் பகுதியான சைபீரியாவின் யாகூட்ஸ்க் பக்கத்து மண்ணை எடைபோடப் போனால்தான் வில்லங்கம்.

குறைந்தது இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து 0 பாகையிலோ அதற்குக் கீழோ இருக்கிற நிலம்தான் உறைமண். அதன் மேல், கோடையில் உருகிப் பனிக்காலத்தில் திரும்ப உறைகிற ஒரு படை. காட்டை வெட்டினாலும் உழுதாலும் எரித்தாலும் முதல் அடி இந்த உருகுபடைக்குத்தான்.

பார்ட்டிங்டன் நிறுவனத்தின் வளைய உணரிக்கு விட்டம் 18.5 செ.மீ. அது உணர்வதோ மேலே சில செ.மீ. மட்டும். டைகா எனப்படும் வடபுல ஊசியிலைக் காட்டில் மண்ணுக்கு மேல் பாசியும் மக்கிய இலையும் மெத்தைபோலக் கிடக்கும். வளையம் அளப்பது பெரும்பாலும் அந்த மெத்தையைத்தான். அதை உழுது தள்ளிவிட்டு அதே இடத்தில் வைத்துப் பாருங்கள், எண் குதிக்கும். மண் மாறவே இல்லை, மூடி மட்டும்தான் போயிருக்கிறது! “உழவால் காந்தம் கூடியது” என்று அறிக்கை எழுத இதைவிட இலகுவான வழி கிடையாது. இன்னொரு சிக்கல்: வளையம் தருவது கனவளவுக்கான ஏற்புத்திறன். பனிக்கட்டியும் நீரும் இடத்தைப் பிடித்துக்கொண்டால் எண் தானாகவே இறங்கும். பெல்லன்வில சதுப்பிலும் இதே கதைதான், உறைவு மட்டும் இல்லை.

குப்பி முறை மெதுவானது. குழி வெட்டி, படை படையாக மண் எடுத்து, காயவைத்து, 10 மி.லீ. குப்பியில் அடைத்து, திணிவுக்கு அளக்க வேண்டும். ஆனால் 0.465, 4.65 கிலோஹேர்ட்ஸ் என இரண்டு அதிர்வெண்ணில் அளக்கலாம் என்பதுதான் இதன் பெரிய பலம். உயர் அதிர்வெண்ணில் எண் கணிசமாக விழுந்தால், அங்கே ஏறக்குறைய 20, 30 நானோமீற்றருக்கு உட்பட்ட காந்தக் கனிம நுண்மணிகள் நிறைய உண்டு என்று பொருள்: மண்ணாக்கமோ நெருப்போ உண்டாக்கியவை. எண் பெரிது, வீழ்ச்சி சொற்பம் என்றால் நிலக்கரிச் சாம்பல் போன்ற பருமணிகளைச் சந்தேகிக்கலாம். தாய்ப்பாறையிலிருந்து வந்த பருமணியாகவும் இருக்கலாம்.

உழவு எப்போதும் ஒரே பக்கம் தள்ளாது, அதனால்தான் இந்தப் பிரிப்பு தேவை. பாசி போனால் கோடை வெப்பம் ஆழமாக இறங்கும், உருகுபடை தடிக்கும். நீர் வடிந்துவிட்டால் மண்ணுக்குக் காற்றுப்படும், காந்தக் கனிமங்கள் தப்பிக்கும். பனிக்கட்டி உருகி நிலம் தாழ்ந்து குட்டையாகத் தேங்கினால் காற்றற்ற சேற்றில் மாக்னடைட் என்ற காந்த இரும்புக் கனிமம் கரையும்; நுண்மணிகள்தான் முதலில் போகும். சீன லோயஸில், அதாவது காற்று கொண்டுவந்து குவித்த தூசிப் படிவில், இடையிடையே உள்ள பழைய மண்படைகளுக்கு ஏற்புத்திறன் கூடுதல். சைபீரியாவிலோ பல இடங்களில் தலைகீழ். நீர் தேங்கியது அதற்கு ஒரு காரணம்.

என் தேர்வு குப்பி. வளையத்தை எங்கே குழி வெட்டலாம் என்று பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளலாம், அதுவும் மெத்தையை விலக்கிவிட்டு. குப்பிக்கும் ஒரு சள்ளை உண்டு: காற்றற்ற சேற்று மண்ணை அடுப்பில் சுட்டால் கனிமமே மாறிவிடும். உறைந்தபடியே ஆய்வுகூடத்துக்குக் கொண்டுவந்து, உறைநிலையிலேயே உலர்த்த வேண்டும்.