ஸ்டேஷன் வாசலில் "ரயில் கேன்சல்" என்று சொல்பவரை நம்பாதீர்கள்

டிசம்பர், ஜனவரியில் குடும்பத்தோடு வடக்கே போகிறவர்கள் கிளம்பும் முன் இதை ஒரு தடவை படித்துவிடுங்கள். எங்களுக்கு இது நடந்தது இந்த ஜனவரியில், புது டெல்லி ரயில் நிலையத்தின் பஹாட்கஞ்ச் பக்க வாசலில், விடிகாலை 5 மணிக்கு.

நானும் கணவரும், கல்லூரியில் படிக்கும் மகளும், 71 வயது மாமியாரும் போயிருந்தோம். ஓடி ஓடி ஊர் பார்க்கும் டூர் வேண்டாம், ஒவ்வொரு ஊரிலும் உட்கார்ந்து பார்க்கலாம் என்று இரண்டு மாதம் முன்பே டிக்கெட் போட்டிருந்தோம். டெல்லியில் மூன்று நாள், ஓர்ச்சாவில் நான்கு நாள், பிறகு குவாலியர், கடைசியாக ஆக்ரா. டெல்லி நாட்கள் அருமையாகப் போயின. ராமகிருஷ்ணபுரம் மலை மந்திரில் அத்தை கண்ணில் நீர் வழிய முருகனைக் கும்பிட்டார். லோதி தோட்டத்தில் பாதி நாள் வெயில் காய்ந்தோம்.

நான்காம் நாள் வியாழக்கிழமை. ஓர்ச்சாவுக்குப் பக்கத்தில் இருக்கும் ஜான்சிக்குக் காலை 6 மணிக்கு ரயில். ஆட்டோவிலிருந்து இறங்கினால் பத்தடி தள்ளி இருப்பது தெரியாத பனிமூட்டம். பெட்டிகளை ஸ்கேனரில் போடும் இடத்துக்கு முன்னாலேயே ஒருவர் கழுத்தில் நீல நாடா கட்டிய அடையாள அட்டையோடு நின்றார். கணவரின் கையிலிருந்த டிக்கெட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். "கோஹ்ரா, கோஹ்ரா" என்று பனியைக் காட்டினார். பிறகு தமிழிலேயே, "அம்மா, ட்ரெயின் கேன்சல். ஆபீஸ் வாங்க, மாத்தித் தருவாங்க" என்றார். அந்த நாலு தமிழ் வார்த்தைதான் எங்களைச் சாய்த்தது. மூன்று நாளாக இந்தியில் திணறிக்கொண்டிருந்தவர்களுக்கு அந்தக் குளிரில் அது அப்படி ஓர் ஆறுதலாக இருந்தது.

ஆட்டோ அவரே பிடித்துக் கொடுத்தார். ஐந்து நிமிடத்தில் ஒரு சந்துக்குள் மாடிப்படி ஏறி ஓர் அலுவலகம். அசோகத் தூண் சின்னம் போட்ட பலகை, சுவரில் இந்தியா வரைபடம், ஹீட்டர். அத்தைக்கு முதலில் டீ கொடுத்தார்கள். கணினியில் எதையோ தட்டி, சிவப்பு எழுத்தில் ரத்து என்று வந்த திரையை எங்கள் பக்கம் திருப்பினார்கள். அடுத்த இரண்டு நாள் ரயில்களும் நிரம்பிவிட்டன என்றார்கள். பிறகு மெதுவாகப் பேச்சு காருக்கு வந்தது. ஐந்து நாள் கார், வழியில் ஹோட்டல், முதலில் ஆக்ரா, அப்புறம் ஓர்ச்சா, மொத்தம் 26,500 ரூபாய். "ரத்தான டிக்கெட் பணம் தானாகவே உங்கள் கணக்குக்கு வந்துவிடும்" என்று வேறு சொன்னார்கள். ரத்தான ரயிலுக்கு அது உண்மைதான், அதனால் மற்றதும் உண்மை என்று நம்பினோம். 15,000 ரூபாய் யு.பி.ஐ.யில் முன்பணம் கட்டினோம். பணம் போனது ஒரு தனி ஆளின் பெயருக்கு. கணவர் ரசீது கேட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டு கொடுத்தார்கள். ஜி.எஸ்.டி. எண் அதில் இல்லை.

இப்போது நினைத்தாலும் எனக்கு வயிற்றைக் கலக்குவது பணம் அல்ல. பனியில் ரயில் ஓடாது என்று சொன்னவர்கள், அதே பனியில் எங்களைக் காரில் ஏற்றி அனுப்பினார்கள். கிரேட்டர் நொய்டாவிலிருந்து ஆக்ரா வரை யமுனா விரைவுச்சாலை 165 கிலோமீட்டர். பனிக்காலத்தில் அங்கே கார்களுக்கான வேக வரம்பை 100லிருந்து 75ஆகக் குறைக்கிறார்கள் என்றால் காரணம் இல்லாமல் இல்லை. முன்னால் போகும் லாரியின் பின்விளக்கு பக்கத்தில் போன பிறகுதான் சிவப்புப் பொட்டாகத் தெரிந்தது. டிரைவர் ஒரு கையில் போன் பேசிக்கொண்டே ஓட்டினார். அத்தை என் கையைப் பிடித்தவர் மதுரா தாண்டும்வரை விடவில்லை.

வழியில் டீக்கு நிறுத்திய இடத்தில்தான் மகளுக்கு நெட் கிடைத்தது. ரயில் எங்கே ஓடுகிறது என்று காட்டும் ரயில்வே செயலியைத் திறந்தவள், "அம்மா, நம்ம ரயில் ஒன்றரை மணி நேரம் லேட்டா கிளம்பிடுச்சு. கேன்சலே ஆகலை" என்றாள். அந்த அலுவலகத்தில் அவள் யதேச்சையாக எடுத்த போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தோம். திரையில் இருந்த ரயில் எண்ணே வேறு. பனிக்காலத்துக்காகச் சில ரயில்களை ரயில்வே முன்கூட்டியே ரத்து செய்வது உண்டு. அப்படி நிஜமாகவே ரத்தான ஏதோ ஒரு ரயிலை எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். திரை பொய்யில்லை, ரயில்தான் எங்களுடையது இல்லை.

அலுவலகத்துக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. டிரைவரோ எனக்கு எதுவும் தெரியாது என்றார். ஆக்ராவுக்குள் நுழைந்ததும் தாஜ்மஹாலுக்குப் போகாமல் ஒரு பளிங்குக் கடை வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். "அரசு அங்கீகாரம் பெற்ற கைவினைக் கூடம்" என்றார். முக்கால் மணி நேரம் வெளியே விடவில்லை. மக்ரானா பளிங்கு என்று 9,000 ரூபாய் சொன்ன ஒரு தட்டை, அத்தை புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டு விளிம்பில் நகத்தால் ஒரு கோடு இழுத்தார். கோடு விழுந்தது. "இது மாக்கல்லுடி, எங்க வீட்டுக் கல்சட்டி மாதிரி" என்றார் என்னிடம். நல்ல பளிங்கில் நகம் படியாது. கடைக்காரர் சட்டென்று தட்டை உள்ளே எடுத்து வைத்துவிட்டார்.

அடுத்து இன்னொரு கடை, கம்பளம். அதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. தாஜ் நாளைக்கு என்றார் டிரைவர். நாளை வெள்ளிக்கிழமை, அன்று தாஜ்மஹால் மூடியிருக்கும் என்று டூர் நடத்துகிறவர்களுக்கா தெரியாது? அங்கேயே காரை விட்டு இறங்கிவிட்டோம். மீதிப் பணம் கேட்டுக் கத்தினார். கணவர் 112க்குப் போன் போடப்போகிறேன் என்றதும் கிளம்பிப் போனார். மறுநாள் மதியம் ஆக்ரா கன்டோன்மென்டில் ரயிலேறி ஜான்சி போனோம். ஓர்ச்சாவில் முன்பணம் கட்டிய ஓர் இரவு அறை வீணாயிற்று.

ஓர்ச்சாவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் வடக்கே போகவே கூடாது என்று நான் சொல்வதாக ஆகிவிடும். ராமரை ராஜாவாகவே வணங்கும் கோயில் அங்கே இருக்கிறது. போலீஸ் மரியாதை கொடுக்கிறார்கள். பேத்வா நதிக்கரையில் சத்ரிகள் என்கிற ராஜாக்களின் நினைவு மண்டபங்களின் உச்சியில் கழுகுகள் உட்கார்ந்திருக்கும். நாங்கள் தங்கிய வீட்டு அம்மா காலையில் முற்றத்தில் பச்சைப் பட்டாணி உரிக்க உட்கார்ந்தால் அத்தையும் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு மொழி கிடையாது. மூன்று நாளில் ஒரு மூட்டைப் பட்டாணி உரித்திருப்பார்கள். கிளம்பும்போது அந்த அம்மா அத்தைக்குச் சம்படம் நிறைய கேரட் அல்வா கொடுத்தனுப்பினார், காசு வாங்க மறுத்துவிட்டார். எங்களை ஏமாற்றியவர்கள் ஸ்டேஷன் வாசலில் நிற்கும் ஒரு கூட்டம்தான், அந்த ஊர் ஜனங்கள் இல்லை.

ரயில் ரத்தானால் டிக்கெட் போட்ட போன் எண்ணுக்குக் குறுஞ்செய்தி வரும். வரவில்லையென்றால் 139க்குப் போன் செய்யுங்கள், இல்லை உங்கள் போனிலேயே ரயில் எண்ணை நீங்களே தட்டிப் பாருங்கள். அடுத்தவர் திரையைப் பார்க்காதீர்கள். ஸ்கேனர் தாண்டி உள்ளே போய் அறிவிப்புப் பலகையைப் பார்க்கும்வரை யாரிடமும் டிக்கெட்டைக் கொடுக்காதீர்கள். வாசலில் ஆளை நிறுத்தி டிக்கெட் பார்த்து வெளியே வேறு ஆபீஸுக்கு அனுப்பும் வழக்கம் ரயில்வேக்குக் கிடையாது.

இன்னொன்று, இது எங்களுக்குக் கை சுட்ட பிறகு தெரிந்தது. ரயில் 3 மணி நேரத்துக்கு மேல் தாமதமாகி நீங்கள் பயணத்தையே விட்டுவிட்டால் முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும். ஆனால் ரயில் கிளம்பும் முன் ஐ.ஆர்.சி.டி.சி.யில் டி.டி.ஆர். என்கிற பணம் திரும்பக் கேட்கும் விண்ணப்பம் போட வேண்டும். எங்கள் ரயில் அவ்வளவு தாமதமும் இல்லை, நாங்கள் எதுவும் போடவும் இல்லை. நான்கு டிக்கெட் பணமும் போனது.

ஊருக்கு வந்ததும் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் கொடுத்தேன். யு.பி.ஐ. ரசீது, துண்டுச் சீட்டு, மகள் எடுத்த போட்டோ மூன்றையும் இணைத்தேன். பத்தாம் நாள் அந்த அலுவலகத்திலிருந்து அவர்களே போன் செய்து, புகாரைத் திரும்பப் பெற்றால் 6,000 தருகிறோம் என்றார்கள். முழுப் பணம் வராமல் திரும்பப் பெற மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். புகார் இன்னும் நிலுவையில் இருக்கிறது. பதில் வந்தால் எழுதுகிறேன்.