வீசர்: நீல ஆல்பமா, பிங்கர்டனா?

அமெரிக்க ராக் குழுவான வீசரைப் புதிதாகக் கேட்க வருகிறவர்கள் முதல் ஆல்பமான நீல ஆல்பம் (அட்டையின் நிறத்தால் வந்த பெயர்), இரண்டாவதான பிங்கர்டன், இந்த இரண்டில் எதை முதலில் எடுப்பது என்று தயங்குவார்கள். இரண்டிலும் 10 பாடல்கள்தான்.

ஒலி: 1994-இல் வந்த நீல ஆல்பத்தைத் தயாரித்தவர் தி கார்ஸ் குழுவின் ரிக் ஒகாசெக். கிதார் கனமாக இருந்தாலும் எல்லாமே தெளிவாகக் கேட்கும்.
1996-இல் வந்த பிங்கர்டனைக் குழுவே தயாரித்தது. டிரம்ஸ் அதிரும், கிதார் கீச்சிடும், குரல் சில இடங்களில் உடையும்.

பாடல்கள்: முதல் ஆல்பத்தின் ‘பட்டி ஹாலி’ ஒரே தடவையில் வாயில் ஒட்டிக்கொள்ளும்.
இரண்டாவதில், குழுவின் பாடகர் ரிவர்ஸ் குவோமோ ஹார்வர்டில் படித்த நாட்களின் தனிமை அப்படியே இருக்கிறது. கடைசிப் பாட்டான ‘பட்டர்ஃப்ளை’யில் இரைச்சலெல்லாம் அடங்கி, அக்கூஸ்டிக் கிதாரோடு மெதுவாகப் பாடுகிறார். இத்தாலிய இசையமைப்பாளர் புச்சினியின் ‘மடாமா பட்டர்ஃப்ளை’ என்ற ஓபராவில் (இசை நாடகம்) மனைவியைக் கைவிட்டுப் போகிறவன் பெயர்தான் பிங்கர்டன். அவன் கேட்கும் மன்னிப்பாக அந்தப் பாட்டைக் கேட்டுப் பாருங்கள், தொண்டை அடைக்கும்.

வரவேற்பு: நீலம் லட்சக்கணக்கில் விற்றது.
பிங்கர்டனை ரோலிங் ஸ்டோன் வாசகர்கள் அந்த ஆண்டின் மோசமான ஆல்பங்களில் 3-ஆவதாகத் தேர்ந்தெடுத்தார்கள். அதே பத்திரிகை 2004-இல் அதற்கு 5 நட்சத்திரம் கொடுத்தது. முதலில் கொடுத்த தீர்ப்பு தவறு என்பதே என் எண்ணம்.

சரி, எதை எடுப்பது? நண்பர்களோடு பயணம், சேர்ந்து பாட வேண்டும் என்றால் நீலம். இரவில் ஹெட்ஃபோனோடு தனியாக உட்காருகிறீர்கள் என்றால் பிங்கர்டன். முதல் தடவை பிடிக்காவிட்டாலும் இன்னும் இரண்டு தடவை கேளுங்கள்.