ஃபிளை ஃபிஷிங்குக்குத் தோள் பையா, இடுப்புப் பையா?

காஷ்மீரின் லித்தர் ஆற்றில் ஃபிளை ஃபிஷிங் முறையில், அதாவது பூச்சி போலச் செய்த தூண்டில் முள்ளை (ஃபிளை) வீசி, டிரவுட் மீன் பிடிக்கப் போகிறவர்கள் தூண்டிலுக்கு அடுத்து யோசிக்க வேண்டியது பையைத்தான். நாள் முழுக்க உடம்போடு ஒட்டியிருப்பது அதுதானே.

ஒற்றைத் தோளில் குறுக்கே மாட்டும் ஸ்லிங் பையில் இடம் தாராளம். ஃபிளை பெட்டிகள், டிப்பெட் (ஃபிளையைக் கட்டும் மெல்லிய நுனி நூல்) சுருள்கள், மழைக்கோட்டு, தண்ணீர் பாட்டில் எல்லாம் அடங்கும். முதுகில் கிடப்பதை ஒரே இழுப்பில் மார்புக்குக் கொண்டுவந்தால், திறந்த மூடியே சின்ன மேசை மாதிரி ஆகிவிடும். ஓடும் தண்ணீரில் நின்றபடி 5எக்ஸ் என்ற மெல்லிய டிப்பெட் நூலில் குட்டி ஃபிளையைக் கட்டும்போது இதன் அருமை தெரியும். ஆனால் பாரம் முழுவதும் ஒரே தோளில். மத்தியானத்துக்குள் கழுத்து இறுகிவிடும். வாங்கினால், பட்டை நீங்கள் தூண்டில் வீசாத கையின் தோளில் வருகிறதா என்று பாருங்கள்.

இடுப்புப் பை பாரத்தை இடுப்பெலும்புக்கு மாற்றிவிடுகிறது. இரண்டு தோளும் சும்மா இருப்பதால் வீச்சு இயல்பாக வரும். குறை ஒன்றுதான், ஆனால் பெரிய குறை: தொடைக்கு மேல் தண்ணீர் ஏறினால் பை நனையும். பனி உருகி லித்தர் பெருகும் கோடைத் தொடக்கத்தில் ஆழமாக இறங்குவதே ஆபத்து, அது வேறு விஷயம்.

கரையோரமாக நடந்து மீன் பிடிப்பவருக்கு, முதுகுவலி உள்ளவருக்கு நான் இடுப்புப் பையைத்தான் சொல்வேன். ஆழத்தில் இறங்கியே தீருவேன் என்பவர் ஸ்லிங் எடுக்கட்டும், சாமானைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு.