டாலி, எக்செல், வேர்டு: எதை எப்படித் திறந்தால் வேகம்?

மும்பை மாட்டுங்காவில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் அன்றாடம் தேவைப்படும் புரோகிராம்கள் அதிகமில்லை. கணக்கு எழுத டாலி, எக்செல், வேர்டு, பிரவுசர், டிஜிட்டல் கையெழுத்துக்கு எம்சைனர், அவ்வளவுதான். ஆனால் 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதி 3பி என்று ஜிஎஸ்டி கணக்குத் தாக்கலின் கெடு நெருங்கினால் இவற்றையே மாற்றி மாற்றித் திறந்துகொண்டிருப்போம். விண்டோஸில் இதற்கு ஐந்தாறு வழிகள் உண்டு. எது வேகம் என்று வழக்கமாகச் சொல்லப்படும் தரவரிசை, ஆங்கிலத்தில் மட்டும் தட்டச்சு செய்கிறவர்களுக்குப் பொருந்தும். கட்சிக்காரருக்குத் தமிழில் கடிதம் அடித்துவிட்டு உடனே எக்செலுக்குத் தாவும் நமக்கு அது அப்படியே பொருந்தாது.

முதலில் டெஸ்க்டாப் ஐகான். பலரும் விரும்புவது இதைத்தான். நாலு ஜன்னல் திறந்திருந்தால் ஐகான் எல்லாம் அடியில் போய்விடும். விண்டோஸ் கீயோடு டி அழுத்தினால் டெஸ்க்டாப் தெரியும், அப்புறம் மவுஸைப் பிடித்து, தேடி, இரண்டு முறை கிளிக். வேகப் போட்டியில் இது கடைசி.

விண்டோஸ் கீயைத் தட்டிவிட்டுப் பெயரை அடிப்பது பலரின் முதல் பரிந்துரை. எதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம், இரண்டு மூன்று எழுத்திலேயே புரோகிராம் மேலே வந்து நிற்கும். சிக்கல், விசைப்பலகை தமிழ்99 என்ற தமிழ் எழுத்தமைப்பில் இருக்கும்போது. வேர்டின் நான்கு ஆங்கில எழுத்துகளை அடித்தால் தேடல் பெட்டியில் விழுவது ‘ஈடைஉ’. அப்படி ஒரு புரோகிராமை யாரும் இன்னும் எழுதவில்லை! விண்டோஸ் கீயோடு ஸ்பேஸ் அழுத்தி ஆங்கிலத்துக்கு மாறி, அழித்து, மறுபடி அடிக்க வேண்டும். விண்டோஸ் கீ + ஆர் அழுத்தினால் வரும் ரன் பெட்டிக்கும் இதே கதி. ஆனாலும் ரன் பெட்டி கடைசியாக அடித்ததை நினைவில் வைத்திருக்கும் என்பதால், ஒரே புரோகிராமைத் திரும்பத் திரும்பத் திறக்க எண்டர் மட்டும் போதும்.

மைக்ரோசாஃப்டின் இலவசத் துணை மென்பொருளான பவர்டாய்ஸில் உள்ள ரன் வசதி இவற்றைவிடக் கெட்டிக்காரத்தனமானது. ஆல்ட் + ஸ்பேஸ் அழுத்தினால் திரை நடுவே ஒரு பெட்டி வரும். அதிலேயே சமக்குறி போட்டு 12500*0.18 என்று அடித்தால் 2250 என்று வரி வந்துவிடும், கால்குலேட்டரைத் திறக்கவே வேண்டாம். மேக் வைத்திருப்பவர்களுக்கு 2005 முதலே இதேபோன்ற ஸ்பாட்லைட் தேடல் இருப்பதால் இது அதிசயமாகத் தெரியாது. இங்கேயும் பெயரை எழுத்தில்தான் அடிக்க வேண்டும், எனவே தமிழ்ச் சிக்கல் தொடரும். தவிர, வெளி மென்பொருள் எதையும் நிறுவ விடாத அலுவலகக் கணினியில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

என் ஓட்டு திரையின் அடியில் இருக்கும் டாஸ்க்பாருக்கு. புரோகிராம்களை அங்கே ‘பின்’ செய்து, அதாவது நிரந்தரமாகப் பொருத்தி வைத்துவிட்டால், இடமிருந்து முதல் பத்தும் விண்டோஸ் கீ + எண்ணில் திறக்கும், பத்தாவதுக்குப் பூஜ்யம். எண்ணுக்கு மொழி கிடையாது. விசைப்பலகை தமிழில் இருந்தாலும் விண்டோஸ் கீ + 2 எக்செல்தான். ஏற்கெனவே திறந்திருந்தால் அதையே முன்னால் கொண்டுவரும். ஷிப்ட்டையும் சேர்த்தால் புதிதாக இன்னொன்று திறக்கும், இரண்டு கணக்கை ஒப்பிட வசதி. கண்ட்ரோலும் ஷிப்ட்டும் சேர்த்தால் அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையோடு திறக்கும். எம்சைனரை அப்படித் திறந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும் என்பது கையெழுத்துப் போட உட்காரும் எல்லோருக்கும் தெரியும்.

குறையும் உண்டு. ஐந்தைத் தாண்டினால் எது எத்தனையாவது என்று எண்ண வேண்டியிருக்கும், விரலும் எட்டாது. ஒரே லாகினைப் பலர் பயன்படுத்தும் கணினியில் யாராவது ஒரு ஐகானை நகர்த்தினால் எல்லா எண்ணும் மாறிவிடும், டாலி என்று நினைத்து அழுத்தினால் பிரவுசர் வந்து நிற்கும்.

அத்தகைய கணினிக்கு ஷார்ட்கட் கீ மேல். ஷார்ட்கட்டின் பிராப்பர்டீஸில் ‘ஷார்ட்கட் கீ’ கட்டத்தில் டி அழுத்தினால் கண்ட்ரோல் + ஆல்ட் + டி டாலிக்கு என்று ஆகிவிடும். அந்த ஷார்ட்கட் டெஸ்க்டாப்பிலோ ஸ்டார்ட் மெனுவிலோ இருக்க வேண்டும், வேறு ஃபோல்டருக்கு மாற்றினால் கீ வேலை செய்யாது. வரிசை குலைந்தாலும் இதற்குக் கவலையில்லை.

காலையில் எப்படியும் திறக்கப்போகிற டாலியையும் பிரவுசரையும், லாகின் ஆனதும் தானாகத் திறக்கும்படி, ஸ்டார்ட்அப் ஃபோல்டரில் போடலாம். ரன் பெட்டியில் ‘ஷெல்:ஸ்டார்ட்அப்’ என்று ஆங்கிலத்தில் அடித்தால் அது திறக்கும், ஷார்ட்கட்டை அங்கே ஒட்டினால் சரி. கணினியில் வேகமான எஸ்எஸ்டி இல்லாமல் பழைய ஹார்ட் டிஸ்க் இருந்தால் இரண்டுக்கு மேல் வைக்காதீர்கள். எல்லாம் ஒரே நேரத்தில் முட்டி மோதித் திறந்து முடிவதற்குள் பக்கத்து ஹோட்டலுக்குப் போய் ஒரு காபி குடித்துவிட்டு வந்துவிடலாம்.